கோமுகிக் கரையில் ஒரு நொடி

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்து இருக்கிறது கோமுகி அணை. பறவைப் படம் எடுக்கக் கேமராவோடு இப்படியொரு கரைக்கு வருபவர்களை அதிகம் சோதிப்பது கருப்பு வெள்ளை மீன்கொத்திதான். மற்ற மீன்கொத்திகள் பெரும்பாலும் கிளையிலோ கம்பியிலோ உட்கார்ந்து மீனை நோட்டம் விடும். இது தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் சிறகடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும். சட்டென்று சிறகை ஒடுக்கித் தலைகீழாக விழும்.

5 மீட்டர் உயரத்திலிருந்து வெறும் கல்லைப் போல விழுந்தாலும் அது தண்ணீரைத் தொட ஒரு நொடிதான் ஆகும். தொடும்போது வேகம் நொடிக்குச் சுமார் 10 மீட்டர். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள்ளேயே அந்த நொடியில் கால்வாசி போய்விடும். பர்ஸ்ட் மோடு இதற்காகத்தான். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கேமரா அடுத்தடுத்துப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். தொடக்கநிலைக் கேமராக்களில் நொடிக்கு 3 முதல் 5 படம், அடுத்த நிலையில் 10, இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் சிலவற்றில் 20க்கும் மேல். 10 படம் என்றால் மீன்கொத்தியின் வீழ்ச்சி முழுவதும் அகப்பட்டுவிடும் என்று தோன்றும். ஆனால் தண்ணீரை நெருங்கும்போது இரண்டு படங்களுக்கு நடுவே பறவை ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கிவிடுகிறது. அலகு நீரைத் தொடும் அந்தக் கணம் இடைவெளியில் நழுவிப்போவது சாதாரணம். அலுக்காமல் அடுத்த வீழ்ச்சிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு நொடியைப் பல படங்களாகப் பிடிக்கும் இந்த ஆசை டிஜிட்டல் காலத்தில் பிறந்ததல்ல. பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியன் ழூல் மாரே 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். விசையை இழுத்தால் நொடிக்கு 12 படங்கள் பதியும். அவர் அதைக் குறிவைத்ததும் பறக்கும் பறவைகளை நோக்கித்தான். சிறகு எப்படி மேலெழுந்து கீழிறங்குகிறது என்பதை அவர் அறிய வேண்டியிருந்தது.

பட்டனை எப்போது அழுத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எடுத்த படங்கள் முதலில் கேமராவின் தற்காலிக நினைவகத்தில் குவிந்து, பிறகே மெமரி கார்டுக்குப் போகின்றன. மலையில் மழை கொட்டினால் அணைக்குள் வெள்ளம் பாய்ந்து வரும், மதகு வழியே அளவாகத்தான் வெளியேறும், அதைப் போலத்தான் இதுவும். நினைவகம் நிரம்பிவிட்டால் வேகம் சட்டென்று குறையும். ரா (RAW) கோப்புகள் பெரியவை என்பதால் சீக்கிரம் நிரம்பும். பறவை அந்தரத்தில் நிற்கும்போதே அழுத்திக்கொண்டிருந்தால், அது விழும் நேரத்தில் கேமரா திணறிக்கொண்டிருக்கும். சிறகு ஒடுங்கப்போகிறது என்று தெரியும் கணத்தில் அழுத்துங்கள். அந்தக் கணத்தை அறிவது கேமராவின் வேலையல்ல, பறவையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணின் வேலை. திருநெல்வேலியில் பிறந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை இணைத்துத் தானே அமைத்துக்கொண்ட கருவியில், கருப்பு வெள்ளை ஃபிலிமில் காட்டு யானைகளைப் படமெடுத்தார். பர்ஸ்ட் மோடு அவருக்கு இல்லை. விலங்கின் அடுத்த அசைவு தெரிந்திருந்தது.

வேகம் சரியாக அமைந்தும் எடுத்த படமெல்லாம் வீணாகலாம். காரணம் வெளிச்சம். கேமராவின் ஒளிமானிக்கு எது கொக்கு, எது காக்கை என்று தெரியாது. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பலாகவே அது காட்சியை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணிப்பை நாம் திருத்தும் வழிதான் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன். +1 என்றால் ஒளி இரட்டிப்பு, -1 என்றால் பாதி. பெரும்பாலான கேமராக்களில் மூன்றில் ஒரு பங்காகக் கூட்டிக் குறைக்கலாம்.

வெள்ளைக்குக் கூட்டு, கருப்புக்குக் குறை என்று சொல்லித் தருவார்கள். எனக்கு அது அரைகுறைப் பாடமாகவே படுகிறது. வெள்ளைக் கொக்கு படச்சட்டம் முழுவதையும் அடைத்து நின்றால் +1 வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அழுக்குச் சாம்பலாகும். அதே கொக்கு கரும்பச்சை மலைச்சரிவுக்கு முன்னே சிறு புள்ளியாகப் பறந்தால், கேமரா இருட்டை நம்பி ஒளியைக் கூட்டிவிடும், இறகுகளின் வரி வெளுத்து மறையும். அங்கே -1. கம்பியில் வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கரிச்சான் கருப்புதான், ஆனாலும் கூட்டத்தான் வேண்டும், ஏனென்றால் சட்டத்தை நிரப்புவது வானம். பறவையின் நிறத்தோடு அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

பர்ஸ்ட் மோடும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனும் ஒன்றையொன்று பாதிப்பவை. அபர்ச்சர் முன்னுரிமையில், ஐஎஸ்ஓவை நிலையாக வைத்து +1 கொடுத்தால், கேமரா கூடுதல் ஒளிக்காக ஷட்டர் வேகத்தைப் பாதியாக்கும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் விழும் மீன்கொத்தி 1/2000 நொடியில் 5 மில்லிமீட்டர் நகரும், 1/1000 நொடியில் ஒரு சென்டிமீட்டர். அதன் கண் கலங்கிப்போக அது தாராளம். எனவே கூட்டும்போது ஐஎஸ்ஓவையும் 400இலிருந்து 800க்கு ஏற்றிவிடுங்கள். இன்னொன்று, மேலே வானம், நடுவே மலையின் நிழல், கீழே மின்னும் நீர் என்று அந்த ஒரு நொடிக்குள் பின்னணி மாறுகிறது. படத்துக்குப் படம் ஒளியை அளக்கும் அமைப்பில் வெளிச்சம் ஏறி இறங்கும். முன்கூட்டியே ஒரு படம் எடுத்துப் பார்த்து, மேனுவலில் நிறுத்திவைப்பது நல்லது.

கல்வராயன் மலைமேல் உள்ள மேகம் அருவிக்குப் போனாலும் இதே பாடம்தான். கரும்பாறைக்கு நடுவே வெண்ணீர் விழுகிறது. -⅔ வைத்து, வெளுத்த இடங்களைத் திரை மினுக்கிக் காட்டுகிறதா என்று பாருங்கள். முற்றிலும் வெளுத்த இடத்தில் மீட்க எதுவும் இருக்காது, நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். முக்காலி இல்லாமல் மெதுவான ஷட்டரில் எடுப்பதானால் மூன்று படங்களை பர்ஸ்டில் எடுங்கள். பட்டனை அழுத்தும்போதும் விடும்போதும் கை ஆடும் என்பதால், பெரும்பாலும் நடுப்படமே தெளிவாக வரும்.

கூட்டிக் குறைத்த அந்த எண், பல கேமராக்களில் அணைத்த பிறகும் அப்படியே இருக்கும். மலைமேல் உள்ள வெள்ளிமலை ஊரில் வண்டி ஏறும் முன் அதை 0க்குத் திருப்பிவிடுங்கள். மறந்தால் மறுநாள் கல்யாண வீட்டில் மணமக்களின் முகம் இருண்டு நிற்கும்.