தொப்பூர் கணவாயில் வேகக் கண்காணிப்பு

தொப்பூர் கணவாய் என்பது தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டத்தில், தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே அமைந்துள்ள மலைவழி ஆகும். பழைய காலத்திலிருந்தே பாராமகால் பகுதியைச் சேலத்துடன் இணைக்கும் வாயிலாக இது விளங்கியது. சிறீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 (முன்னர் தே.நெ. 7) இதன் வழியே செல்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வருவோருக்கு இது தொடர் இறக்கம். கட்டமேடு முதல் இரட்டைப் பாலம் வரையுள்ள வளைவுகள் விபத்துகளுக்குப் பெயர் பெற்றவை.

2020 திசம்பர் 12 அன்று இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த சரக்குந்து (லாரி) ஒன்று முன்னே நெரிசலில் நின்றிருந்த மகிழுந்துகள் மீது மோதியதில் நால்வர் இறந்தனர். 2024 சனவரி 24 அன்று இங்கு நடந்த மற்றொரு விபத்திலும் நால்வர் உயிரிழந்தனர். கனரக வாகனங்களுக்கு இப்பகுதியில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வரம்பு விதிக்கப்பட்டதற்கு இத்தகைய விபத்துகளே காரணம்.

இறக்கமும் வேகமும்

40 டன் எடையுள்ள சரக்குந்து 100 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 4 கோடி சூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 30 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே வண்டியின் இயக்க ஆற்றலைப் போல் இது சுமார் 28 மடங்கு. தாழ்ந்த பல்லிணையில் (கியர்) இறங்கினால் இதில் ஒரு பங்கைப் பொறியே தாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சப்படுத்த 'நியூட்ரலில்' உருளவிட்டால் சுமை முழுவதும் தடைகளின் மீது (பிரேக்) விழுகிறது. அவை சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன. பொறியையே அணைத்துவிட்டால் காற்றுத் தடைக்குக் காற்றை நிரப்பும் அமுக்கியும் நின்றுவிடும். சில முறை மிதித்தபின் மிதிக்கக் காற்று இராது. மிச்சமாகும் டீசலோ சில கோப்பைத் தேநீரின் விலைதான்.

அளக்கும் முறை

காவலர் கையில் வைத்திருக்கும் 'ஸ்பீட் கன்' எனப்படும் கருவி இருவகைப்படும். ரேடார் வகை, வானலை ஒன்றை வண்டியின் மீது செலுத்தி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு வேகத்தைக் கணிக்கிறது. இது டாப்ளர் விளைவு எனப்படும். 24.15 கிகா எர்ட்சு அலையில் 60 கி.மீ. வேகம் ஏறத்தாழ 2,700 எர்ட்சு மாற்றத்தைத் தரும். சீரொளி (லேசர்) வகை, துடிப்புகள் சென்று திரும்பும் நேரத்திலிருந்து தொலைவு குறைவதைக் கணக்கிடுகிறது. சாலையோரத்தில் சாய்வாக நின்று அளந்தால் உண்மையைவிடக் குறைவான வேகமே பதிவாகும். 20 பாகைச் சாய்வில் 80 கி.மீ. வேகம் 75 எனத் தெரியும். எனவே சாய்வினால் வரும் பிழை ஓட்டுநருக்குச் சாதகமானது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 112ஆம் பிரிவு வேக வரம்பைப் பற்றியது. 183ஆம் பிரிவு மீறலுக்கான தண்டம் பற்றியது. 2019 திருத்தத்தின்படி இலகு வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாயும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாயும் தண்டம் விதிக்கலாம். அதே திருத்தம் மின்னணுக் கண்காணிப்புக்கான 136அ பிரிவைச் சேர்த்தது. 2021இல் வந்த விதிகள், கருவிகளுக்கு ஒப்புதல் சான்று தேவை என்றும், கண்காணிக்கப்படும் இடத்துக்கு முன்பே அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்றும் கூறின. மறைந்திருந்து பிடிப்பது என்ற பழைய வழக்கத்துக்கு இது நேர்மாறானது. நான்குவழிச் சாலைகளில் மகிழுந்துக்கு 100 கி.மீ. வரை அனுமதித்த 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் இரத்து செய்தது.

எங்கு நிற்பது?

சமவெளிச் சாலையில் காவலர் எங்கு நின்றாலும் பெரிய வேறுபாடில்லை. கணவாயில் அப்படியன்று. அடிவாரத்தில் நின்று பிடித்தால் தண்டம் கிடைக்கும், விபத்து நிற்காது; தடை செயலிழந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தவும் முடியாது. இறக்கம் தொடங்கும் இடத்திலேயே வேகத்தைக் குறைக்கச் செய்து, எந்தப் பல்லிணையில் இறங்குவது என்று சொல்லி அனுப்புவதே பயன் தரும். எதிரே வருவோர் முகப்பு விளக்கைச் சிமிட்டி 'போலீசு நிற்கிறது' என்று எச்சரிக்கும் வழக்கம் நெடுஞ்சாலைகளில் உண்டு. சமவெளியில் இது சட்டத்துக்கு இடையூறு. இங்கோ அந்தச் சிமிட்டலும் வேகத்தைக் குறைக்கவே செய்கிறது.

வளைவுகளைத் தவிர்க்கும் உயர்மட்டச் சாலைத் திட்டம் ஒன்றையும் இந்திய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் இப்பகுதிக்கு வகுத்துள்ளது.