திருடனைப் பற்றி மூன்று வருஷப் படிப்பா?

சென்ற கோடையில் ஒரு நாள் மாலை, தாமலிலிருந்து நெசவாளர் ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நம்மிடம் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பெண்ணின் தகப்பனார் அவர்.

"ஐயா, என் பெண் குற்றவியலில் பி.ஏ. படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். திருடனையும் கொலைகாரனையும் பற்றிப் படிக்க மூன்று வருஷமா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார்.

அதைக் கேட்டு நகைக்க நமக்கு மனம் வரவில்லை. போலீஸ், கோர்ட்டு, ஜெயில் என்னும் மூன்றும் நம் வாசற்படி ஏறக் கூடாது என்பதுதானே நம் குடும்பங்களின் பரம்பரை அபிப்பிராயம்? ஆகவே, அந்தப் படிப்பில் இருப்பது என்ன என்று நமக்குத் தெரிந்த மட்டில் அவருக்கு எடுத்துச் சொன்னோம். பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி யோசிக்கும் நேயர்களுக்கும் அது பயன்படலாம்.

சட்டக் கல்லூரியில், இன்ன குற்றத்துக்கு இன்ன தண்டனை என்று கற்பிக்கிறார்கள். குற்றவியலோ வேறு கேள்விகளைக் கேட்கிறது. இவன் ஏன் இதைச் செய்தான்? சிறையிலிருந்து வெளிவந்த பின் இவன் கதி என்ன? பறிகொடுத்தவரின் துயரை யார் துடைப்பது? இவற்றுக்கு விடை தேட மனோதத்துவம், சமூகவியல், போலீஸ் நிர்வாகம், சிறைச் சீர்திருத்தம், சிறுவர் நீதி எல்லாம் கற்க வேண்டியிருக்கிறது.

"இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு அல்லவா?" என்றார் நண்பர்.

முழுவதும் அப்படி அல்ல. கைரேகைகளை வகைப்படுத்தி வைக்கும் காரியாலயம் உலகில் முதன் முதலாக ஏற்பட்டது 1897-ஆம் வருஷம், நம் கல்கத்தாவில். அந்த முறைக்கு ஹென்றி என்ற ஆங்கில அதிகாரியின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அதை வகுத்ததில் பெரும்பங்கு அவரிடம் வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரண்டு இந்தியர்களுடையது. சுதந்திரத்துக்குப் பின், 1959-ல் மத்தியப் பிரதேசத்துச் சாகர் சர்வகலாசாலையிலும், 1965-ல் சென்னைச் சர்வகலாசாலையிலும் குற்றவியல் துறை தோன்றியது. இன்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக, வீட்டிலிருந்தபடியே கூட இந்தப் பி.ஏ. படிக்கலாம்.

உத்தியோக விஷயத்தில் நாம் ஆசை காட்டவில்லை. இந்தப் பட்டம் ஒருவரை வக்கீலாக்காது. அதற்குச் சட்டப் பட்டம் வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் போதும். இதற்கென்று தனிச் சலுகை எதிர்பார்க்க வேண்டாம். தடய ஆராய்ச்சிச் சாலைக்குப் போக ரசாயனம் போன்ற விஞ்ஞானப் படிப்பு அவசியம். ஆனால் சிறை நிர்வாகம், சிறுவர் பாதுகாப்பு, சமூக சேவை ஆகியவற்றை நாடுவோருக்கு இது நல்ல அஸ்திவாரம்.

தாமலைக் கடந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலை வேலூருக்குப் போகிறது. 1921-22-ல் ராஜாஜி சிறையிருந்து தினக் குறிப்பு எழுதியது அங்கேதான். சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் கழகம் 1979 முதல் அதே ஊரில் நடக்கிறது. அத்தகைய பயிற்சிக்கு இன்றும் எவ்வளவு தேவை இருக்கிறது! 2022-ஆம் வருஷ முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள்.

நண்பர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அவள் என்னிடம் அடிக்கடி ஒன்று கேட்பாள். 'அப்பா, நீ ஏன் மூன்றாம் வகுப்போடு நின்றாய்?' என்பாள். எனக்கு ஒன்பது வயதில் வீட்டில் முன்பணம் வாங்கிவிட்டார்கள். அந்தக் கடனுக்காக என்னைத் தறியில் உட்கார வைத்தார்கள்."

பட்டு நெசவு அறிந்தவர்களுக்கு அது புரியும். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்யும்போது, கரைக்குரிய நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல வீடுகளில் ஒரு சிறுவனுடைய கையாகவே இருந்தது.

"அது எந்த வருஷம்?" என்று கேட்டோம்.

"எண்பத்தெட்டு."

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அதன்படி அப்படிப்பட்ட கடன் செல்லாது. கடனுக்காக ஒருவரைக் கொத்தடிமையாய் வேலை வாங்குவோருக்கு மூன்று வருஷம் வரை சிறை. சட்டம் பிறந்து பன்னிரண்டு வருஷமாகியும் அது அந்தத் தறிக்குழி வரையில் வந்து சேரவில்லை. இதைச் சொன்னதும் நண்பர் திடுக்கிட்டார்.

"அப்படியானால் எனக்கு நடந்தது குற்றமா, ஐயா? அது எங்கள் தலைவிதி என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்!"

எழுதிய சட்டம் ஏழையின் வாசலுக்கு ஏன் வந்து சேருவதில்லை? அவர் பெண் கற்க விரும்புவது இதைத்தான். திருடனைப் பிடிக்கப் பலர் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை விடாமல் கேட்கச் சிலராவது வேண்டாமா?

நண்பர் எழுந்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மனு போடக் கடைசித் தேதி என்றைக்கு என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா. மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.