பழைய கணினிக்குப் புதிய பணிசெயல் முறைமை

யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலுள்ள பாடசாலைகளுக்குக் கணினி வழங்குதல், பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் விரும்பிச் செய்யும் அறங்களுள் ஒன்றாகிவிட்டது. அறம் பெரிதே. ஆயின், வந்த கணினி எத்துணை ஆண்டு பயன்படும் என்னும் வினாவைக் கொடுப்போரும் கேட்பதில்லை, பெறுவோரும் கேட்பதில்லை. விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு நின்றது. அதன் பின்வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேறு சில தகுதிகளும் இல்லாத பொறிகளுக்கு உரியதன்று. ஆகவே, பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி, திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருந்தும், பழையது என்ற பெயரோடு அலுமாரியின் மேலேறுகின்றது.

அதனை மீண்டும் மாணவர் கைக்குக் கொணரும் வழி ஒன்றுண்டு. எட்டுக் கிகாபைற் கொள்ளும் ஒரு பென் டிரைவும் ஒரு பிற்பகற் பொழுதும் அதற்குப் போதும். அவ்வழியை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். தமிழாசிரியராகிய நாம் இப்பொருளிற் புகுதல் தகுமோ என்பார்க்கு, தோட்டப் பாடசாலையில் எல்லா ஆசிரியரும் எல்லாம் செய்ய வேண்டியவரே என்பதே எம் விடை.

பணிசெயல் முறைமை என இலங்கையிலும், இயங்குதளம், இயக்க முறைமை எனத் தமிழகத்திலும் வழங்கப்பெறுவது யாது? தோட்டத்திலே வேலையைப் பகுத்துக் கொடுத்து, பேர்போட்டுக் கணக்கு வைக்கும் கணக்கப்பிள்ளையை ஒப்பது அது. நினைவகத்தில் எதற்கு எவ்வளவு இடம், எந்த வேலை முன்னே, எது பின்னே, அச்சுப்பொறி யாருக்கு என்பனவற்றையெல்லாம் அதுவே வகுக்கும். அஃதில்லாத கணினி வெறும் இரும்பும் சில்லுமே. ஆனால் அக்கணக்கப்பிள்ளையோ வட்டிலே உறங்குகின்றார். மின்விசையை அழுத்தியவுடன் அவரை எழுப்புவது யார்?

தாய்ப்பலகையிலே பதிந்துள்ள ஒரு சிறு நிரலே எழுப்புகின்றது. அது விழித்தவுடன் வட்டுக்களை ஒவ்வொன்றாய்த் தேடி, முறைமையின் தொடக்கப்பகுதியை நினைவகத்துக்கு ஏற்றும். ஏறிய பகுதி அடுத்த பகுதியை ஏற்றும்; அது மற்றையதை ஏற்றும். இச்செயலை ஆங்கிலர் 'பூட்' என்பர். சப்பாத்தின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்னும் அவர்தம் வேடிக்கைத் தொடரினின்று பிறந்தது அச்சொல். ஏர் பூட்டுதல், வண்டி பூட்டுதல் என நம்மவர் புறப்பாட்டின் முதற்செயலைக் குறித்தமை நினைவுக்கு வருகின்றது. ஒலியொப்புமை தற்செயலே எனினும், பொருளும் ஒருவாறு பொருந்திவிட்டது.

நிற்க. பலர் இடர்ப்படுவது இங்கேதான். இணையத்தினின்று ஐ.எஸ்.ஓ. என்னும் கோப்பை இறக்குவர். அதனைப் பென் டிரைவிலே படியெடுத்து வைப்பர். கணினியிற் செருகி விசையை அழுத்துவர். யாதும் நிகழாது. பென் டிரைவ் பழுது என்று இன்னொன்று வாங்குவாரும் உளர். பழுது பென் டிரைவில் இல்லை. ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு வட்டின் முழுப்படிமம். முதற்பைற்று முதல் ஈற்றுப்பைற்று வரை அவ்வட்டு எவ்வாறு அமைந்ததோ அவ்வாறே ஒரு கோப்பினுள் அடக்கிய உரு. பழைய முறையிலே தொடங்கும் கணினி, வட்டின் முதற்கூறாகிய 512 பைற்றுக்களையே முதலில் வாசிக்கும். அதன் ஈற்றிரு பைற்றுக்களில் தொடக்கத்துக்குரிய அடையாளம் உண்டோ என நோக்கும். படியெடுத்த கோப்போ அவ்விடத்தில் இல்லை. ஏனைய கோப்புக்களோடு ஒன்றாய் உள்ளே எங்கோ கிடக்கின்றது. கையெழுத்துப்படியை மேசை இழுப்பறையில் வைத்தல் வேறு, அதனை அச்சிட்டு நூலாக்குதல் வேறு அன்றோ? படிமத்தைப் பென் டிரைவின் முதலிடத்திலிருந்தே பதித்தல் வேண்டும். அதற்கென விண்டோஸில் ரூபஸ் என்னும் சிறு மென்பொருளும், எவ்வகைக் கணினிக்கும் பலேனா எட்சர் என்பதும் இலவசமாகக் கிடைக்கின்றன. வென்டாய் என்பது இன்னும் எளிது. ஒருமுறை அதனைப் பதித்துவிட்டால், பின்னர்ப் பல படிமங்களை வெறுங் கோப்புக்களாகவே இட்டு, வேண்டியதைப் பட்டியலில் தெரிந்து தொடங்கலாம்.

தொடக்க நிரலிலும் இருவகையுண்டு. பழையது பயோஸ், புதியது யூ.ஈ.எஃப்.ஐ. களனிவெளிப் புகையிரதத்தை அறிந்த முதியோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். இரண்டடி ஆறங்குலக் குறும்பாதையிலே அந்நாளில் இவ்வூர்வரை வந்த வண்டி, ஐந்தடி ஆறங்குல அகலப்பாதையில் ஓடாது. அவ்வாறே பயோஸ் முதற்கூற்றின் 512 பைற்றுக்களை நாட, யூ.ஈ.எஃப்.ஐ. குறித்த வடிவிலமைந்த ஒரு பகுதியையும் அதனுள் குறித்த பெயருள்ள ஒரு கோப்பையும் நாடும். இருவகை வண்டிக்கும் இடமளித்து மூன்று தண்டவாளம் இட்ட பாதைபோல, இந்நாளைய லினக்ஸ் படிமங்கள் பல இரண்டுக்கும் பொருந்தவே அமைக்கப்பெறுகின்றன. விண்டோஸ் படிமத்தைப் பதிக்கும்போது மாத்திரம், எவ்வகைக் கணினிக்கு என்பதை ரூபஸிலே கருதித் தெரிதல் வேண்டும்.

எம்முறைமையை நிறுவுவது? பழைய பொறிக்கு லினக்ஸ் குடும்பமே ஏற்றது என்பது எம் கருத்து. விலையில்லை, படியெடுத்து அடுத்த பாடசாலைக்குக் கொடுப்பதற்கு உரிமமே இடந்தருகின்றது. இது புதுமையுமன்று. சென்னையிலே சீடாக் நிறுவனம் டெபியனைத் தழுவி ஆக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு உடனிருந்தது. கேரளத்தின் அரசுப் பாடசாலைகளோ பல்லாண்டாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வியை நடத்துகின்றன. நம் நாட்டிலும் கல்வியை நோக்கி ஹந்தானை மலையின் பெயரால் ஒரு லினக்ஸ் சில ஆண்டுகள் வெளிவந்தது. இன்று தொடங்குவோர்க்கு லினக்ஸ் மின்ற் என்பதன் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பையோ டெபியனையோ கூறுவோம். மின்ற்றுக்கு இரண்டு கிகாபைற் நினைவகம் குறைந்த அளவு. நான்கு இருந்தால் நன்று. டெபியனை நிறுவப் புகும்போதே தோன்றும் மொழிப்பட்டியலில் தமிழும் உண்டு. தோட்டத்துச் சிறுவன் கணினியின் முதல் வினாவைத் தன் தாய்மொழியிலே காண்கின்றான்.

பதிப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. படிமத்தை வெளியிடுவோர் அதனுடன் 64 எழுத்திலக்கங் கொண்ட ஒரு சரிபார்ப்புத் தொகையையும் வெளியிடுவர். இறக்கிய கோப்பிலிருந்து நம் கணினி கணித்துத் தருந் தொகை அதனோடு ஒத்தல் வேண்டும். ஓரெழுத்து மாறினும் கோப்புப் பழுதே. மலைப்பகுதியில் இணைப்பு இடையிடையே அறுதலால் இச்சோதனையை விடுதல் ஆகாது. பதித்தல் பென் டிரைவில் உள்ளவற்றையெல்லாம் அழிக்கும் என்பதையும், எவ்வட்டில் எழுதுகின்றோம் என்பதையும் இருமுறை நோக்குக. பதித்தபின் விண்டோஸ், இவ்வட்டை வடிவமைக்க வேண்டுமோ என ஒரோவழி வினவும். வேண்டா என்க. ஆம் என்றால் செய்த வேலை பாழாம்.

இனி அந்தப் பழைய கணினி. பென் டிரைவைச் செருகி, விசையை அழுத்தியவுடன் எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் ஆகியவற்றுள் அப்பொறிக்குரியதைத் தட்டத் தொடக்கப்பட்டியல் தோன்றும். பென் டிரைவைத் தெரிந்தால், வட்டில் யாதும் எழுதாமலே மின்ற் முழுதும் இயங்கிக் காட்டும். இதுவே இவ்வழியின் பெருஞ்சிறப்பு. ஒலி கேட்கின்றதோ, வைபை இணைகின்றதோ, அச்சுப்பொறி அசைகின்றதோ என்பனவற்றைச் சோதித்த பின்னரே நிறுவலாம், பிடிக்கவில்லையெனில் பிடுங்கிவிடலாம். நிறுவுவதெனில் புள்ளிப்பட்டியல்கள், வினாத்தாள்கள் முதலியவற்றை முன்னரே வேறொரு வட்டிற் சேமித்தல் கட்டாயம். ஏனெனில் வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக என்பதே எளிய வழியாக முன்னிற்கும். சித்திரை மாதத்துப் பிற்பகல் இடிமழையில் இவ்வேலையைத் தொடங்கற்க. மின்சாரம் நடுவே நின்றால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரும்.

நிறுவியபின் தமிழ்த் தட்டச்சுக்கு எம்17என் என்னும் தொகுதியைச் சேர்த்தால், தமிழ்99 உடன் இலங்கையில் வழங்கும் ரங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். பாமினி எழுத்துருவில் முன்னர்த் தட்டிய வினாத்தாள்கள் மாத்திரம் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். அவற்றைத் திறக்க அவ்வெழுத்துருவையும் உடன் நிறுவுதல் அல்லது ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். ஐம்பதாண்டு விழாவோ அறுபதாண்டு விழாவோ கண்ட சங்கத்தார் மலைநாட்டுப் பாடசாலைக்கு வரும்போது, ஒரு புதிய கணினியோடு, சோதித்துப் பதித்த இரண்டு பென் டிரைவுகளையும், அரைநாள் உடனிருந்து காட்டக்கூடிய ஓர் இளைஞரையும் அழைத்து வருவாராயின், அலுமாரி மேலுள்ள நான்கைந்து கணினிகள் அன்று மாலையே கீழிறங்கும்.