பற்சொத்தையைத் தடுக்கும் வாய்நீர் எது?

பல் போனால் சொல் போச்சு என்பது முதுமொழி. சொல் மட்டுமன்று, உணவும் உறக்கமும் உடன் போகின்றன. பல்வலியால் இரவெல்லாம் அழுத குழந்தை மறுநாள் பாடத்தில் மனம் செலுத்துவது எங்ஙனம்? மெல்ல இயலாத முதியவர் கஞ்சியோடு காலந்தள்ளின் உடல் நலியாதிருக்குமா?

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையடியிலுள்ள கீழக்குயில்குடிக்குச் சென்றிருந்தபோது தாய்மார் சிலர் வினவினர்: “வாய் கொப்பளிக்க உப்புநீர் நல்லதா, நல்லெண்ணெய் நல்லதா, கடை மருந்து நல்லதா?” அவ்வினாவுக்கு விடை காண்போம்.

பல்லில் ஒட்டிய இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சை அரிப்பதே சொத்தையாகும்.

உணவுக்குப்பின் வெறும் நீரால் கொப்பளித்தால் துணுக்குகள் அகலும். வெந்நீரில் கலந்த உப்பு, ஈற்றுப் புண்ணுக்கு இதமளிக்கும். நல்லெண்ணெய் கிருமிகளை ஓரளவு குறைக்கலாம். சொத்தையைத் தடுக்குமென்பதற்கு உறுதியான சான்றில்லை. குளோர்ஹெக்சிடின் என்னும் மருந்து ஈறு நோய்க்கெனச் சில நாட்களுக்கு மருத்துவர் தருவது. நெடுநாள் கொப்பளித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். சிறுவரின் சொத்தையை அது தடுக்குமென நம்பவும் போதிய சான்றில்லை.

புளோரைடு கலந்த நீரோ பல்லின் மேற்பூச்சை உறுதிப்படுத்துகிறது. காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு 2016-இல் 37 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. பெரியோர் மேற்பார்வையில் புளோரைடு நீரால் முறையாகக் கொப்பளித்த சிறுவரிடம் நிலைப்பற்களின் சொத்தை சராசரி 27 சதவீதம் குறைவாயிருந்தது. நாள்தோறுமெனில் 0.05 சதவீத சோடியம் புளோரைடு நீரும், வாரம் ஒருமுறையெனில் 0.2 சதவீத நீரும் வழக்கம். ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். பின்னர் அரைமணி நேரம் எதுவும் உண்ணலாகாது, பருகலாகாது.

ஆயினும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது வேண்டா, அவர்கள் விழுங்கிவிடக்கூடும். அவர்களுக்குப் புளோரைடு பற்பசையைச் சிறிதளவு இட்டு, பெற்றோரே துலக்கிவிடுதல் நன்று.

முதியவர் நிலை வேறு. ஈறு இறங்கிப் பல்வேர் வெளிப்படும். வேர், மேற்பூச்சைவிட மென்மையானது, விரைவில் சொத்தையாகும். சில மருந்துகளால் உமிழ்நீர் வற்றுவதும் கேட்டை மிகுவிக்கும். இத்தகையோர் மருத்துவரைக் கேட்டு நாள்தோறும் புளோரைடு நீரைக் கொள்ளலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படின் பல்லில் கறையும், நாளடைவில் எலும்பு நோயும் உண்டாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இத்துன்பத்தை நெடுங்காலம் அனுபவித்தன. அதனைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆதலின் பள்ளியில் இம்முறையைத் தொடங்குமுன் ஊர்க் குடிநீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்தறிவது ஊராட்சியின் கடமை.

எந்த வாய்நீரும் துலக்குதலுக்கு ஈடாகாது. காலையும் இரவும் புளோரைடு பற்பசையால் துலக்குவோம்; மிட்டாயைக் குறைப்போம்; சொத்தை தோன்றின் வலிக்குமுன்பே மருத்துவரை நாடுவோம். செலவு சிறிது, பயனோ வாழ்நாள் முழுவதும்.