ஏலக்காய் பில்லுக்கு எந்த எண்?

மிதவைப் புள்ளி எண்ணான டபுள், பின்னங்களை இரண்டின் அடுக்குகளைக் கொண்டே உருவாக்குகிறது. ஏலக்காய் எடையில் அரைக் கிலோ, கால் கிலோ, 125 கிராம் ஆகியவை அதில் பிசகாமல் அடங்கும்; 100 கிராம், அதாவது 0.1 கிலோ, அடங்காது. அதேபோல 2.675 ரூபாய் உள்ளே 2.67499999999999982… ஆகிவிடும். பைசாவுக்கு முழுமையாக்கினால் 2.68க்குப் பதில் 2.67 வரும். பணக் கணக்குக்கு இன்னமும் டபுளைப் போடுவது அலட்சியம்.

நினைவகம் இடம்தரும்வரை நீளும் எண் வகைகள் இதற்கென்றே இருக்கின்றன. கிராமையும் பைசாவையும் முழு எண்ணாக வைத்துப் பெருக்க ஜாவாவின் பிக்இன்டிஜர், பைத்தானின் சாதாரண இன்ட் போதும். பைத்தானின் ஃப்ராக்‌ஷன் மூன்றில் ஒரு பங்கைக்கூட அப்படியே வைத்திருக்கும். கணக்கு நீள நீளப் பகுதி எண் பெருத்து வேகம் குறையும். பில்லுக்கு ஏற்றது தசம வகை: ஜாவாவில் பிக்டெசிமல், பைத்தானில் டெசிமல். 0.1ஐ மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரமாகக் கொடுக்க வேண்டும். டபுளாகக் கொடுத்தால் பிக்டெசிமல் அதன் பிசகையும் 55 தசம இலக்கம்வரை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

தசம வகையும் தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு. போடிநாயக்கனூர் ஏலத்தில் 43.250 கிலோ, கிலோ 2,475 ரூபாய்க்குப் போவதாகக் கொள்வோம். தொகை 1,07,043.75 ரூபாய். சரக்கு போடிமெட்டு ஏறிக் கேரளத்துக்குப் போனால் 5 சதவீத ஐஜிஎஸ்டி 5,352.1875, முழுமையாக்கினால் 5,352.19. தமிழ்நாட்டுக்குள்ளேயே நின்றால் மத்திய, மாநில வரிகள் தலா 2.5 சதவீதம், அதாவது 2,676.09375. தனித்தனியே முழுமையாக்கிக் கூட்டினால் 5,352.18. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு பைசா வித்தியாசம். இரண்டுமே சரியான கணக்கு. மொத்த வரியைக் கண்டு பாதியாக்கும் நிரலில் 5,352.19ஐ இரு சமபங்காகப் பிரிக்கவே முடியாது. பில்லில் பைசா ஒத்துவராவிட்டால் வியாபாரி ஏல நிறுவனத்தைத்தான் சந்தேகிப்பார். அந்தப் பழி வராமல் காப்பது நிரல் எழுதுபவரின் கடமை.

ஆகவே எங்கே, எந்த விதியில் முழுமையாக்குவது என்பதை நிரலிலேயே எழுதிவிட வேண்டும். பைத்தானின் டெசிமல் சொல்லாவிட்டால் 28 இலக்கம் வைத்துக்கொண்டு, சரிபாதியை இரட்டை எண் பக்கம் தள்ளும். ஜாவாவின் பிக்டெசிமலில் விதி தராமல் 1ஐ 3ஆல் வகுத்தால் பிழை காட்டி நின்றுவிடும்.