உங்கள் கருத்துக்கும் ஒரு முகவரி உண்டு

"பசங்க கேம்ல பணத்தை விடறாங்க, இதைத் தடை பண்ண மாட்டாங்களா?" "எந்த ஆப்பைத் திறந்தாலும் நம்ம விவரத்தைக் கேக்குது, கவர்மென்ட் என்ன பண்ணுது?" டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் தினமும் கேட்கிற பேச்சுதான். நீங்களும் இப்படி ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

ஆனால் விதியை எழுதும் அலுவலகம் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. மக்கள் கருத்தைக் கேட்கும்போது அவர்கள் ஒரு முகவரியும் ஒரு கடைசித் தேதியும் கொடுப்பார்கள். அந்தத் தேதிக்குள் அந்த முகவரிக்குப் போய்ச் சேரும் கருத்துதான் கோப்பில் ஏறும்.

வரைவு என்றால் என்ன?

சட்டம் நிறைவேறினால் மட்டும் எல்லாம் நடைமுறைக்கு வந்துவிடாது. யார், எப்படி, எத்தனை நாளில் செய்ய வேண்டும் என்பதை விதிகள்தான் சொல்லும். பல விதிகள் முதலில் வரைவாக வெளியாகும். முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னால், வந்த ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் பரிசீலித்த பிறகே விதியை இறுதி செய்ய முடியும். 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், பிரிவு 23 இதைச் சொல்கிறது. மத்திய அரசு 2014-இல் வகுத்த கொள்கையும், வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது.

உதாரணத்துக்கு, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் வரைவு விதிகள் 2025 ஜனவரி 3 அன்று வெளியாகின. கூடவே எளிய விளக்கக் குறிப்பும் வந்தது. மைகவ் தளத்தில் கருத்து சொல்ல முதலில் பிப்ரவரி 18 வரை அவகாசம் கொடுத்து, பிறகு மார்ச் 5 வரை நீட்டித்தார்கள். இறுதி விதிகள் அதே ஆண்டு நவம்பரில் வந்தன. உங்கள் பிள்ளையின் விவரத்தை ஒரு ஆப் எடுக்க வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதலை எப்படிப் பெற வேண்டும் என்பதும் அந்த வரைவில் இருந்தது. பெற்றோர் ஒவ்வொருவருக்கும் அதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

நம் மாநிலத்திலும் இது நடந்திருக்கிறது. ஆன்லைன் விளையாட்டுகள் பற்றிய சட்டத்துக்கு முன், 2022 ஆகஸ்டில் உள்துறை பெற்றோர், ஆசிரியர், மாணவர், உளவியல் நிபுணர், விளையாட்டு நிறுவனங்கள் என்று பல தரப்பிடமும் கருத்துக் கேட்டது. 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது.

ஃபார்வர்டு எடுபடுமா?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2015 டிசம்பரில் ஒரு கேள்வி கேட்டது. சில இணையதளங்களுக்கு மட்டும் டேட்டாவை இலவசமாகவோ குறைந்த விலையிலோ கொடுக்கலாமா? ஃபேஸ்புக் நிறுவனத்தின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தை ஆதரித்து லட்சக்கணக்கான செய்திகள் வந்தன. எல்லாம் ஒரே வார்ப்பில் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் போகும் செய்திகள். கேட்ட கேள்விகளுக்கு இவற்றில் பதில் இல்லை என்று டிராய் சொன்னது. கடைசியில் 2016 பிப்ரவரி 8 அன்று, இணையத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று விதி வந்தது.

இதிலிருந்து நமக்குப் புரிவது ஒன்றுதான். எத்தனை பேர் அனுப்பினார்கள் என்பதைவிட, கேட்டதற்குப் பதில் சொன்னோமா என்பதுதான் முக்கியம்.

சரி, எப்படி எழுதுவது?

1. அறிவிப்பைத் துறையின் இணையதளத்திலோ அரசிதழிலோ நேரடியாகப் பாருங்கள். ஃபார்வர்டில் வந்ததை மட்டும் நம்பி எழுத வேண்டாம். கடைசித் தேதியை அப்பவே குறித்துக்கொள்ளுங்கள்.

2. முழு வரைவையும் படிக்க முடியாவிட்டால் பரவாயில்லை. உங்களைத் தொடும் ஒரு விதியை மட்டும் எடுத்து, அதன் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

3. அதனால் உங்களுக்கு என்ன ஆகும் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். "இது சரியில்லை" என்றால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. "என் அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இல்லை, ஆப் வழியாக மட்டும் ஒப்புதல் கேட்டால் அவர் என்ன செய்வார்?" என்றால் புரியும்.

4. என்ன மாற்றம் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். குறை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள்.

5. ஆதார் எண், வங்கி விவரம் எதையும் எழுதாதீர்கள். கருத்துகளை அப்படியே வெளியிடுவதும் உண்டு. 2015 ஏப்ரலில் டிராய் தனக்கு வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை, அனுப்பியவர்களின் முகவரியோடு இணையத்தில் போட்டது பெரிய சர்ச்சையானது.

6. அனுப்பியதற்கான ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதினால் கட்டாயம் மாறிடுமா என்று கேட்டால், அதற்கு உத்தரவாதம் இல்லை. எதிர்த்தரப்பும் எழுதும், நிறுவனங்கள் வக்கீல் வைத்தே எழுதும். அதனால்தான், அந்த விதியின் கீழ் வாழப்போகிற உங்கள் குரலும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை "புது ரூல் வந்திருச்சாம்" என்று குழுவில் செய்தி வந்தால், முதலில் ஒன்றைப் பாருங்கள். அது வரைவா, இறுதி விதியா? வரைவு என்றால் கடைசித் தேதியையும் அனுப்ப வேண்டிய முகவரியையும் குழுவில் போடுங்கள். இறுதி விதி என்றால், அது நடைமுறையில் சரியாக நடக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாநில அரசுச் சேவையில் குறை இருந்தால் 1100-க்குப் போன் செய்யலாம்.