தொட்டில் காலம் – 6: கொடி தானாக விழட்டும்

புணேவை அடுத்த போசரியில் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள், மூக்கு யார் ஜாடை, முடி யார் ஜாடை என்று பேசி முடித்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "கொடி விழுந்துடுச்சா?" தொழிற்பேட்டை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பமானாலும் எதிர்வீட்டு மராத்திக் குடும்பமானாலும் இந்தக் கேள்வி தப்பாது. "இன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டால் ஆளுக்கொரு கைமருந்து கிளம்பும். தேங்காயெண்ணெய் தடவு, மஞ்சள் வை, வசம்பைச் சுட்டுப் பூசு, பவுடர் போடு, சாம்பலில் நெய் குழைத்து வை. சொல்கிற அத்தனை பேரும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சிறு துண்டுக்கு இவற்றில் எதுவுமே வேண்டாம்.

வயிற்றுக்குள் இருக்கும் வரை கொடிக்குள் மூன்று ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று தாயிடமிருந்து ஊட்டத்தைக் கொண்டுவரும். மற்ற இரண்டும் கழிவைத் திருப்பி எடுத்துப்போகும். குழந்தை வெளியே வந்து ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை பொறுத்துத்தான் கிளிப் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சில் மீந்திருக்கும் ரத்தம் குழந்தைக்குள் இறங்கிவிடுகிறது. கொடியில் வலி தெரியாது. வெட்டும்போது குழந்தை அழுவது வேறு காரணத்துக்காக. மிஞ்சிய துண்டு காய்ந்து, கறுத்து, சுருங்கி, பெரும்பாலும் 5 முதல் 15 நாட்களுக்குள் தானாக உதிர்ந்துவிடும். சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்குச் சற்றுத் தாமதமாகலாம். உதிரும்போது சட்டையில் ஓரிரு சொட்டு ரத்தம் படுவதும், அடியில் கொஞ்சம் ஈரம் இருப்பதும் இயல்பு.

இத்தனை சாதாரணமாக முடிகிற ஒன்றுக்கு மருத்துவர்கள் ஏன் இவ்வளவு எச்சரிக்கை சொல்கிறார்கள்? கொடியின் சிரை நேராகக் கல்லீரலை நோக்கிப் போகிறது. வெட்டிய முதல் சில நாட்களில் அந்த வழி முழுமையாக அடைபடுவதில்லை. தொப்புளில் புகும் கிருமி சீக்கிரமே ரத்தத்தில் கலந்துவிட முடியும். மண்ணிலும் சாணத்திலும் வாழும் ரணஜன்னிக் கிருமிக்கு இது திறந்த கதவு. துருப்பிடித்த அரிவாளால் வெட்டிய கொடி, சாணச் சாம்பல் வைத்த தொப்புள் என்று அது உள்ளே போன வழிகள் பல. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று வாயைத் திறக்க முடியாமல் போகும். தொட்டாலே உடம்பு விறைத்து வில்லாக வளையும். 1988-ல் மட்டும் உலகில் ஏறக்குறைய 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இப்படி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

இந்த நோயோடு நடந்த போரில் புணேவுக்குத் தனி இடம் உண்டு. சைரஸ் பூனாவாலாவின் குடும்பம் இங்கே பந்தயக் குதிரைகளை வளர்த்து வந்தது. ஓய்வுபெற்ற குதிரைகள் மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குப் போகும்; அங்கே அவற்றின் ரத்தத்திலிருந்து சீரம் எடுப்பார்கள். அதை இங்கேயே செய்யலாமே என்று 1966-ல் அவர் தொடங்கியதுதான் சீரம் இன்ஸ்டிடியூட். அது முதலில் தயாரித்தவற்றில் ஒன்று ரணஜன்னிக்கு எதிரான சீரம். பிற்பாடு தடுப்பூசியும் வந்தது. கர்ப்பிணியின் புஜத்தில் போடும் ஊசியால் அவர் உடம்பில் உருவாகும் எதிர்ப்புசக்தி நஞ்சு வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. ஊசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், சுத்தமான பிளேடு மூன்றும் சேர்ந்து 2015-ல் இந்தியாவை ஒரு முக்கியமான இடத்துக்குக் கொண்டுவந்தன: எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒரு குழந்தைக்குக்கூட இந்த நோய் இல்லை என்ற நிலை உறுதி செய்யப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் இது நடந்திருக்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

புணே இருக்கும் அதே மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது கட்சிரோலி. மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் இருவரும் அங்கே 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். வீடு தேடிப் போய்க் குழந்தையை எடை போட்டு, உடல்சூட்டையும் தொப்புளையும் பார்த்து, சீழ்த்தொற்று என்று தெரிந்தால் ஊசியும் போட்டார்கள் அந்தப் பெண்கள். 39 கிராமங்களில் நடந்த இந்தப் பணியின் மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை மரணம் சுமார் 62 சதவீதம் குறைந்தது. 1999-ல் 'லான்செட்' இதழில் வந்த அந்த ஆய்வு நாட்டின் கொள்கையையே மாற்றியது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா ஊழியர் வீட்டுக்கு வந்து பார்ப்பது அதன் தொடர்ச்சி. வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடாமல் குழந்தையின் சட்டையைத் தூக்கித் தொப்புளைக் காட்டுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தொட வேண்டும். டயாப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டினால் சிறுநீர் படாது, காற்றும் படும். விழும்வரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தால் போதும். மலம் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து உலரவிடலாம். நூலளவில் தொங்கினாலும் இழுக்கக் கூடாது. வயிற்று உப்புசத்துக்குப் பெருங்காயம் குழைத்துப் போடும் பழக்கம் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் உண்டு. கொடி இருக்கும்போதும், விழுந்த புண் ஆறாதபோதும் அது தொப்புள் பக்கமே போகக் கூடாது.

குளோர்ஹெக்ஸிடின் மருந்து பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் அதைத் தொப்புளில் தடவியபோது குழந்தை மரணம் 24 சதவீதம் குறைந்ததாக 2006-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஜாம்பியாவிலும் பெம்பா தீவிலும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வீட்டுப் பிரசவமும் சாணம் முதலியவற்றைப் பூசும் வழக்கமும் உள்ள இடங்களுக்குத்தான் அது பொருந்தும். ஆஸ்பத்திரியில் பிறந்து வீடு திரும்பிய குழந்தைக்கு, மருத்துவர் சொன்னாலொழிய, அது அவசியமில்லை.

கொடி விழுந்த பிறகு தொப்புள் குழிக்குள் ஈரமாக, இளஞ்சிவப்பாகப் பட்டாணி போல ஒரு சதை முளைப்பதுண்டு. இதற்கு மருத்துவர்கள் சில்வர் நைட்ரேட் வைப்பார்கள். சாதாரண உப்பை வைத்தும் இதைச் சுருக்கலாம். உப்பு சதையிலிருக்கும் நீரை உறிஞ்சிவிடுகிறது. ஆனால் அது அந்தச் சதைதானா என்று முதலில் மருத்துவர் பார்த்தாக வேண்டும். குழியிலிருந்து சிறுநீரோ மலமோ கசிந்தால் அது வேறு விஷயம். குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும். மூன்று, நான்கு வாரமாகியும் கொடி விழவே இல்லை என்றாலும் காட்டுங்கள். மிக அரிதாக, வெள்ளையணுக்களின் பிறவிக் குறைபாடு அதற்குக் காரணமாக இருக்கும்.

தொப்புளைச் சுற்றிச் சிவந்து பரவுவது, வீக்கம், நாற்றமுள்ள சீழ், காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, சோர்ந்து கிடப்பது, நிற்காத ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. போசரியிலேயே மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. பிம்ப்ரியில் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனை இருக்கிறது.

கடைசியாக, அழும்போது பிதுங்கும் தொப்புள். அதன் மேல் ரூபாய் நாணயத்தை வைத்துக் கட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. பிதுங்க வழிவிடும் துவாரத்தை மூடுவது வயிற்றுத் தசை. நாணயத்தால் அது விரைவதில்லை. அடியில் வியர்த்துத் தோல் புண்ணாகித் தொற்று வருவதுதான் மிச்சம். பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதுக்குள் இது தானே மூடிவிடும். மூடாவிட்டால் சிறிய அறுவை சிகிச்சை போதும். பிதுங்கியது உள்ளே போகாமல் கல்லாக இறுகி, நிறம் மாறி, குழந்தை வாந்தி எடுத்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

(தொடரும்)